ஜெர்மனியின் தற்சார்பு நிஜமா? 1936 நான்காண்டுத் திட்டம் பற்றி ஓர் இழை

ஜூன் 4, மாலை – வாசகர் கேள்வி

ஹிட்லர் கொடுங்கோலன், அதில் மறுப்பில்லை. ஆனால் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் நின்ற நாட்டை நாலைந்து வருஷத்தில் நிமிர்த்திவிட்டார். நிலக்கரியில் பெட்ரோல், கரியும் சுண்ணாம்பும் வைத்து ரப்பர் என்று யாரிடமும் கையேந்தாமல் ஜெர்மனி தற்சார்பு அடைந்தது. அரசியலை ஓரம் வைத்துவிட்டுப் பொருளாதாரத்தை மட்டும் பார்த்தால் அது வெற்றிதானே?

ஜூன் 4, இரவு

ஓரம் வைக்க முடியாது. திட்டத்தை எழுதியவரே அப்படிப் பிரித்து எழுதவில்லை.

1936 ஆகஸ்டில் மலைவீட்டில் இருந்தபடி ஹிட்லர் ஒரு குறிப்பு எழுதினார். மிகச் சிலர் கையில் மட்டுமே அது போனது. கடைசியில் இரண்டே கட்டளைகள்: நாலு வருஷத்தில் ராணுவம் களமிறங்கத் தயாராக வேண்டும், நாலு வருஷத்தில் பொருளாதாரம் போருக்குத் தயாராக வேண்டும். செப்டம்பரில் நூரம்பெர்க் கட்சி மாநாட்டில் நான்காண்டுத் திட்டம் என்று ஊருக்கு அறிவித்தார்கள். அக்டோபர் 18 அன்று பொறுப்பு ஹெர்மன் கோரிங் கைக்குப் போனது. விமானப்படைத் தளபதிக்கு!

அதே குறிப்பில், சொந்தமாகச் செய்துகொள்வது தற்காலிக ஏற்பாடு, முடிவான தீர்வு நிலத்தையும் மூலப்பொருளையும் விரிவாக்குவதில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அடுத்தவன் நிலத்தைப் பிடிக்கும் வரை தாக்குப்பிடிக்க ஓர் ஏற்பாடு. அதற்கு வைத்த பெயர்தான் தற்சார்பு.

ஜூன் 5, காலை

வேலையின்மைக் கணக்கு. 1933 ஜனவரியில் பதிவேட்டில் 60 லட்சம், 1938-ல் 5 லட்சத்துக்கும் கீழே. எண்கள் பொய்யில்லை. எப்படிக் குறைந்தது என்று பாருங்கள்.

கல்யாணம் செய்துகொள்ளும் ஜோடிக்கு 1,000 ரைஷ்மார்க் வரை கடன் தந்தார்கள், ரொக்கமாக இல்லை, மேசை நாற்காலி பாத்திரம் வாங்கும் சீட்டாக. நிபந்தனை, மணப்பெண் வேலையை விட வேண்டும். அவள் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும். யூதர்களை வேலையை விட்டு நீக்கிவிட்டுக் கணக்கிலும் சேர்க்கவில்லை. 1935-ல் கட்டாய ராணுவ சேவை வந்தது, அதே வருஷம் இளைஞர்களுக்குக் கட்டாய உழைப்புச் சேவையும் வந்தது. தொழிற்சங்கங்களை 1933 மே 2-லேயே கலைத்தாயிற்று. வேலைநிறுத்தம் குற்றம். மணிக்கூலி 1933-ன் மந்தகாலத் தரத்திலேயே கட்டிப்போடப்பட்டது.

வேலை கிடைத்தது உண்மை. பசியோடு இருந்தவனுக்கு அது பெரிய விஷயம்தான், அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. 1929-க்குப் பிறகு அந்த ஊரில் ஒரு குடும்பத் தலைவனாக இருந்திருந்தால் நானும் அந்தச் சம்பளக் கவரை இரண்டு கையாலும் வாங்கியிருப்பேன். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு என்ன செய்துகொடுத்தான் என்றும் கேட்க வேண்டும். 1933-ல் நாட்டு வருமானத்தில் ராணுவத்துக்குப் போனது சுமார் ஒரு சதவீதம். 1938-ல் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது.

ஜூன் 5, பிற்பகல்

காலையில் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அந்தக் கல்யாணக் கடனில் 'மனைவி வேலையை விட வேண்டும்' என்ற நிபந்தனையை 1937-ல் எடுத்துவிட்டார்கள். ஆயுதத் தொழிற்சாலைகளில் ஆள் போதவில்லை. வீட்டுக்குப் போ என்ற அரசாங்கமே நாலு வருஷத்தில் திரும்பி வா என்றது.

ஜூன் 5, இரவு

ரப்பர் பற்றி நீங்கள் எழுதியது என்னைத் தூங்க விடவில்லை. 26 வருஷம் ரப்பர் சாமான் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். வாஷர், புஷ், கேஸ்கெட், லாரிக்கு வேண்டிய சில்லறைச் சாமான் எல்லாம்.

எங்கள் தொழிலில் 'பூனா-என்' என்று இன்றும் சொல்வார்கள். எண்ணெய் படும் இடத்தில் போடும் ஓ-ரிங் அதில்தான் செய்வது. நைட்ரைல் என்றாலும் அதுதான். முதலில் சேர்ந்த வாரம் மேஸ்திரியிடம், மகாராஷ்டிரத்துப் பூனாவில் செய்ததா என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பியூட்டாடையீன் என்ற வாயுவின் முதல் எழுத்துகளும், சோடியத்துக்கு ஜெர்மன் பெயரான நாட்ரியம் என்பதன் முதல் எழுத்துகளும் சேர்ந்ததுதான் பூனா என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஐ.ஜி. ஃபார்பென் என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனத்தின் சரக்கு. டயருக்கு ஏற்ற பூனா-எஸ் வகையையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். 1936-ல் ஷ்கோபாவ் என்ற ஊரில் பெரிய ஆலைக்கு அடிக்கல் போட்டார்கள். அடுத்த வருஷம் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம்.

ஆகவே ரப்பர் செய்தார்கள் என்பது நிஜம். 1943-ல் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் செய்தார்கள். அந்த வேதியியலாளர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ரப்பரைப் பிசையும் மில்லில் நின்றவனுக்கு வேறு ஒன்றும் தெரியும். இயற்கை ரப்பர் ஷீட்டை இரண்டு உருளைக்கு நடுவில் விட்டால் முதலில் முரண்டு பிடிக்கும், சடசடவென்று சத்தம் போடும். பத்து நிமிஷத்தில் தோசைமாவு மாதிரி இளகி உருளையைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கார்பன் போடலாம், கந்தகம் போடலாம், சொன்னபடி கேட்கும். இரண்டு துண்டை அழுத்தினால் பசையில்லாமலே பிடித்துக்கொள்ளும். செயற்கைச் சரக்கு அப்படி இளகாது, தானாக ஒட்டவும் ஒட்டாது. இன்று வருவது எவ்வளவோ திருத்தப்பட்ட சரக்கு, அதுவே இப்படி. அன்றைய பூனா-எஸ் இன்னும் கட்டி. சூடான காற்றில் வைத்து இளக்கிய பிறகே மில்லில் ஏற்ற முடிந்தது. ஓடும்போது உள்ளே சூடேறும் என்பதால் கனரக லாரி டயருக்கு இயற்கை ரப்பரைக் கலக்காமல் முடியவில்லை. கையில் பிடித்தால் இரண்டும் கறுப்புதான், இரண்டும் இழுபடும். மலையேறும் லாரியில் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஜூன் 7

ஏன் இந்த வெறி என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியைச் சுற்றி வளைத்து அடைத்தது. 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கும் பொய்த்துப்போக, மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கைத் தின்று கழித்தார்கள். அந்தப் பசி மனதில் தங்கிவிட்டது. அடுத்த முறை கடல் அடைபட்டாலும் தாங்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. எண்ணம் புரிகிறது. அடுத்த முறை என்ற ஒன்றை அவர்களே உண்டாக்கத் துடித்ததுதான் கோளாறு.

இன்னொரு காரணம் அந்நியச் செலாவணி. 1934 நடுவில் மத்திய வங்கியான ரைஷ்பாங்கில் தங்கமும் வெளிநாட்டுப் பணமும் சேர்ந்து 10 கோடி மார்க்குக்கும் கீழே போய்விட்டது. வெளியிலிருந்து செம்பு வாங்கினால் எண்ணெய்வித்து வாங்கக் காசில்லை. ரைஷ்பாங்க் தலைவர் ஹால்மார் ஷாக்ட் 1934 செப்டம்பரில் 'புதிய திட்டம்' கொண்டுவந்தார். எந்தச் சரக்கு உள்ளே வரலாம் என்பதை அரசு ஒவ்வொன்றாக அனுமதித்தது. ஹங்கேரி, யூகோஸ்லாவியா, ருமேனியா, பல்கேரியாவோடு காசில்லாமல் பண்டமாற்று போலக் கணக்கு நேர்செய்தார்கள். ஷாக்ட் நிதானமானவர், கடைசி வரை ஆயுதச் செலவை எதிர்த்தார்.

ஜூன் 8, காலை

நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். இழையில் ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். ஆயுதச் செலவுக்கே வழி போட்டவர் ஷாக்ட்.

மேஃபோ சீட்டு. குருப், சீமென்ஸ் உள்பட நாலு பெரிய கம்பெனிகள் சேர்ந்து 'உலோகவியல் ஆராய்ச்சி நிறுவனம்' என்று ஒன்றைத் தொடங்கின. அதன் ஜெர்மன் பெயரின் சுருக்கம்தான் மேஃபோ. மூலதனம் 10 லட்சம் மார்க். ஆராய்ச்சி ஒன்றும் கிடையாது. பீரங்கி செய்துகொடுத்த முதலாளிக்கு அரசு ரொக்கம் தராது, அவர் இந்த நிறுவனத்தின் மேல் ஹுண்டி (கடன் சீட்டு) எழுதிக்கொள்வார். அதை வங்கியில் மாற்றிக்கொள்ளலாம், ரைஷ்பாங்க் பின்னால் நிற்கும். மூன்று மாதச் சீட்டு, ஐந்து வருஷம் வரை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பட்ஜெட்டில் தெரியாது, வெளிநாட்டுக்காரன் கண்ணிலும் படாது. 1938-க்குள் 1,200 கோடி மார்க்குக்கு எழுதித் தள்ளினார்கள்.

பத்து லட்சம் முதல், ஆயிரத்து இருநூறு கோடி கடன். எங்கள் ஊர்ச் சீட்டு கம்பெனிக்காரர்களே இப்படிக் கனவு கண்டதில்லை.

தவணை நெருங்கியபோதுதான் ஷாக்ட் பயந்தார். 1937 நவம்பரில் பொருளாதார அமைச்சர் பதவியை விட்டார். 1939 ஜனவரியில் வங்கி நிர்வாகிகளோடு சேர்ந்து, இப்படியே செலவு செய்தால் பணவீக்கம் வெடிக்கும் என்று எழுதிக் கொடுத்தார். அதே மாதம் வேலை போனது. ஆக, எதிர்த்தார் என்பது உண்மை, கதவைத் திறந்துவிட்ட பிறகு எதிர்த்தார்.

ஜூன் 8, இரவு

வெண்ணெயா துப்பாக்கியா என்ற வசனம் கோரிங்குடையதா, பிரச்சார அமைச்சர் கோயபெல்ஸுடையதா என்று தகராறு போகிறது. இருவருமே பேசியிருக்கிறார்கள். 1935 டிசம்பரில் ஹாம்பர்க்கில் கோரிங், இரும்புத்தாது நாட்டைப் பலமாக்கும், வெண்ணெயும் கொழுப்பும் ஆளைக் கொழுக்க வைக்கும் என்ற பொருளில் பேசினார். அடுத்த மாதம் கோயபெல்ஸ், வெண்ணெய் இல்லாமல் இருக்கலாம், துப்பாக்கி இல்லாமல் முடியாது என்றார்.

அதைவிட முக்கியமான ஒன்று. 1935 கடைசியில் கொழுப்புப் பஞ்சம். எண்ணெய்வித்து வாங்க விவசாய அமைச்சர் டாரே செலாவணி கேட்கிறார், ஷாக்ட் தர மறுக்கிறார். பஞ்சாயத்து கோரிங்கிடம் போகிறது. துப்பாக்கிப் பேச்சு பேசிய அதே கோரிங், டாரே பக்கம் தீர்ப்புச் சொன்னார்! வெண்ணெய்க்கு நிற்கும் வரிசை நீண்டால் மக்கள் என்ன பேசுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சர்வாதிகாரிக்கும் மளிகைக்கடை வரிசையைப் பார்த்துப் பயம் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை.

விளைச்சலைப் பெருக்க 'உற்பத்திப் போர்' என்றே ஒரு இயக்கம் நடத்தினார்கள். உணவுத் தற்சார்பு சுமார் 80 சதவீதத்திலிருந்து 83-க்கு ஏறியது. அத்தனை கூச்சலுக்கும் மூன்று சதவீதம்.

ஜூன் 11

பெட்ரோல். நிலக்கரியை அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து எண்ணெயாக்கும் முறையை பெர்கியுஸ் கண்டுபிடித்தார், 1931-ல் நோபல் பரிசையும் கார்ல் போஷுடன் பகிர்ந்துகொண்டார். நான்காண்டுத் திட்டம்தான் இதை ஆலையாக மாற்றியது.

ஒரு டன் பெட்ரோலுக்கு நாலு டன்னுக்குக் குறையாமல் நிலக்கரி போகும், ஆலைக்கு எரிப்பதையும் சேர்த்து. அந்தக் கரியை வெட்ட ஆள் வேண்டும், ரயில் வேண்டும், அழுத்தம் தாங்கும் கனத்த எஃகு உருளைகள் வேண்டும். அதே எஃகைத்தான் பீரங்கியும் கேட்கிறது, கப்பலும் கேட்கிறது. 1937-ல் எஃகுக்கே ரேஷன் வந்தது. ஒன்றில் தற்சார்பு அடையப் போனால் இன்னொன்றில் பற்றாக்குறை வருகிறது. போர்வை நீளம் அவ்வளவுதான், தலைக்கு இழுத்தால் கால் தெரியும்.

ஜூன் 11, சற்று நேரம் கழித்து

திருத்தம். ஆலை 1927-லேயே லொய்னா என்ற ஊரில் ஓடத் தொடங்கிவிட்டது, ஹிட்லருக்கு முந்தைய குடியரசுக் காலத்தில். உலகச் சந்தையில் எண்ணெய் மலிந்ததும் நஷ்டம். 1933 டிசம்பரில் ஹிட்லர் அரசு, விற்றாலும் விற்காவிட்டாலும் இந்த விலை உறுதி என்று ஐ.ஜி. ஃபார்பெனோடு ஒப்பந்தம் போட்டுக் காப்பாற்றியது. பதிலுக்கு உற்பத்தியை ஆண்டுக்கு மூன்றரை லட்சம் டன்னாக உயர்த்த வேண்டும். 1936 திட்டம் அதைப் பெருக்கியது, தொடங்கவில்லை. அந்தக் கம்பெனியின் கார்ல் கிராவுக் கோரிங் அலுவலகத்திலேயே போய் உட்கார்ந்தார். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே மேசையில்.

ஜூன் 12

இரும்பு சுருக்கமாக. ஜெர்மனியிலேயே சால்ஸ்கிட்டர் என்ற ஊர்ப் பக்கம் கிடந்த தாதுவில் இரும்பு 30 சதவீதம் அளவுதான், ஸ்வீடன் தாதுவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரூர் பகுதி எஃகு முதலாளிகள் கட்டுப்படியாகாது என்று கைவிரித்தார்கள். கோரிங் 1937 ஜூலையில் தன் பெயரிலேயே அரசுக் கம்பெனி தொடங்கினார், முரண்டு பிடித்தவர்களை மிரட்டி வழிக்குக் கொண்டுவந்தார். போர் தொடங்கிய பிறகும் ஸ்வீடனிலிருந்து ஆண்டுக்கு ஒரு கோடி டன் அளவில் தாது வந்துகொண்டேதான் இருந்தது. 1940-ல் நார்வே மேல் பாய்ந்ததற்கு அந்தத் தாது போகும் நார்விக் துறைமுகமும் ஒரு காரணம்.

ஜூன் 15

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி மலாயாவில், கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியும் முன் பிரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) நின்று பெயர் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் மரத்தைச் சீவி முடித்துவிட வேண்டும். வெயில் வந்தால் பால் நின்றுவிடும். கோப்பையில் உறைந்த ஒட்டுப்பாலையும் சுரண்டிச் சாக்கில் போட வேண்டும். அந்த வாடை சட்டையை விட்டுப் போகாது என்பார். பட்டறையில் நான் முதல்முதல் புகையிட்ட ஷீட் கட்டைப் பிரித்தபோது வந்த வாடை அவர் சொன்னதுதான் என்று உடனே தெரிந்தது.

1930-களில் உலக ரப்பரில் பெரும்பங்கு பிரிட்டிஷ் மலாயா, இலங்கை, டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து போனது. விலை விழாமல் இருக்க 1934-ல் அரசுகள் ஒப்பந்தம் போட்டு உற்பத்தியைக் கட்டுப்படுத்தின. ஹிட்லர் பயந்த கயிறு இதுதான். அதன் மறுமுனையில் என் தாத்தா மாதிரி ஆயிரக்கணக்கான தமிழர்கள் கையில் கத்தியோடு நின்றார்கள்.

இப்போது கேளுங்கள். தற்சார்பு அடைந்ததாகச் சொல்லப்படும் ஜெர்மனி, 1941 ஜூன் வரை கிழக்காசிய ரப்பரை சைபீரிய ரயில் வழியாக ரஷ்யாவைக் கடந்து கொண்டுவந்தது. ரஷ்யா மேலேயே படையெடுத்ததும் அந்த வழி போனது. அப்புறம் ஜப்பான் பிடித்திருந்த தென்கிழக்கு ஆசியாவிலிருந்து, முற்றுகையைத் தாண்டி, பாதி உலகம் சுற்றி, ஜெர்மனி பிடித்திருந்த பிரான்ஸின் போர்தோ துறைமுகத்துக்குக் கப்பல்கள் ரப்பர் ஏற்றிப் போயின. வழியில் மூழ்கியவை பல. கடைசியில் பினாங்கிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போனார்கள். பூனாவோடு கலக்க இயற்கை ரப்பர் வேண்டியிருந்தது. மில்லில் நான் கண்டதைத்தான் அவர்களும் கண்டார்கள்.

தாத்தாவின் தம்பியை 1943-ல் ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துப் போனான். திரும்பவில்லை. அது வேறு கதை, இங்கே சேராது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஜூன் 16

'போரைத் தவிர்த்திருந்தால் திட்டம் நின்றிருக்குமே' என்று கேட்கிறீர்கள். எந்தக் காசில்? 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியதும் முதலில் போனது அந்நாட்டு வங்கியின் தங்கம். அதே வருஷம் நவம்பரில் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் எரித்துவிட்டு, 12-ஆம் தேதி கோரிங் தலைமையில் கூட்டம் போட்டு, எரிந்ததற்கு யூதர்களே 100 கோடி மார்க் தண்டம் கட்ட வேண்டும் என்றார்கள். அது கருவூலத்துக்குப் போனது. 1939 மார்ச்சில் செக் நாடு, ஸ்கோடா ஆயுத ஆலையோடு. ஒவ்வொரு முறை மூச்சு முட்டியபோதும் அடுத்தவன் பெட்டியை உடைத்துத்தான் அடுத்த மூச்சு. இதைக் கழித்துவிட்டு 'பொருளாதாரம் மட்டும்' என்று ஒரு கணக்கைப் போட எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 20

உணவுக் கணக்கின் முடிவையும் சொல்லியாக வேண்டும். நான்காண்டுத் திட்டத்தில் விவசாயப் பகுதியைப் பார்த்தவர் ஹெர்பெர்ட் பாக்கே. 1941 மே 2 அன்று பெர்லினில் அதிகாரிகள் கூடி, ரஷ்யாவின் தானியத்தைப் படைக்கும் ஜெர்மனிக்கும் எடுத்துக்கொள்வது, அங்கே கோடிக்கணக்கில் மக்கள் பட்டினியால் சாவார்கள் என்று தெரிந்தே எழுதிவைத்தார்கள். பிடிபட்ட சோவியத் வீரர்களில் 20 லட்சம் பேர் அளவில் 1942 வசந்தத்துக்குள் செத்தார்கள், பெரும்பாலும் பட்டினியாலும் குளிராலும். ஜூன் 8 அன்று மூன்று சதவீதம் என்று எழுதினேனே, மீதி 17 சதவீதத்துக்கு அவர்கள் வைத்திருந்த வழி இது.

அந்த ரஷ்யப் படையெடுப்பில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் படையோடு போயின. டாங்கி படம்தான் நாம் எல்லோரும் பார்த்தது. பெட்ரோலும் டயரும் போதாததால் பீரங்கியைக் குதிரைதான் இழுத்தது.

ஜூன் 21

பூனாவுக்குத் திரும்புகிறேன். 1941-ல் ஐ.ஜி. ஃபார்பென் இன்னொரு பூனா ஆலைக்கு இடம் தேடியது. கரி, சுண்ணாம்பு, தண்ணீர், ரயில் நாலும் பக்கத்தில் கிடைக்கும் இடம் ஆஷ்விட்ஸ். ஆலை கட்ட வதைமுகாம் கைதிகளை, முகாமை நடத்திய எஸ்.எஸ். படையிடம் நாள்கூலிக்கு எடுத்தார்கள். கூலி எஸ்.எஸ்.ஸுக்கு. மோனோவிட்ஸ் என்று தனி முகாமே அமைத்தார்கள். சிமென்ட் மூட்டை தூக்கிச் செத்தவர்களும், இனி வேலைக்கு ஆகமாட்டார் என்று விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுமாகப் பல ஆயிரம் பேர் போனார்கள்.

அந்த ஆலையிலிருந்து ஒரு கிலோ பூனா ரப்பர்கூட வெளியே வரவில்லை.

கிராவுக்குக்கு 1948-ல் ஆறு வருஷம் தண்டனை. 26 வருஷம் 'பூனா' என்று எழுதிய டப்பாவைத் திறந்து மூடியிருக்கிறேன். எவரும் இதைச் சொன்னதில்லை.

ஜூன் 29

லொய்னா என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: 1944 மே 12-ல் அமெரிக்க விமானங்கள் அதையும் மற்றக் கரி-பெட்ரோல் ஆலைகளையும் குண்டு வீசித் தாக்கத் தொடங்கின. சில மாதங்களில் விமான பெட்ரோல் அடியோடு விழுந்தது. ஊருக்கு நாலு கிணறாகப் பரவிக் கிடக்கும் எண்ணெயை அழிப்பது கஷ்டம். விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய ஆலைகளை அழிப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

மக்கள் கார் (ஃபோக்ஸ்வாகன்) பற்றிக் கேட்டவருக்கு: 1938-ல் தொடங்கிய சேமிப்பு. வாரம் 5 மார்க் கட்டி ஒரு வில்லை வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். கார் விலை 990 மார்க், வட்டி கிடையாது. சுமார் 3,36,000 பேர் கட்டினார்கள். போர் வந்ததும் ஆலை ராணுவ வண்டிக்குப் போய்விட்டது. கட்டியவர்களில் ஒருவருக்கும் அந்தத் திட்டத்தில் கார் வரவில்லை. போருக்குப் பின் வழக்குப் போட்டு, 1961-ல்தான் சமரசம் ஆனது: புதுக் கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி, வேண்டாம் என்றால் 100 மார்க் ரொக்கம். வில்லை ஒட்டிய அட்டையை இருபது வருஷத்துக்கு மேல், குண்டுவீச்சிலும் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு.